எத்தனை கோர்?

வியாழக்கிழமை. பட்டாணிச் சூப்.
தோர்னியோ உருக்காலை கேன்டீனில்
கரண்டியை முதலில் கீழே வைத்தவன் வெய்யோ.
"வீட்டுக் கணினிக்கு நூற்றிருபத்தெட்டு கோர்"
என்றான்,
பிறந்த பிள்ளையின் எடை சொல்பவனைப் போல.
"ஓடவிட்டால் மாடிக்கு ஹீட்டர் தேவையில்லை."

"மாடிக்கு மட்டுமா?"
துய்ரே சூப்பில் கடுகு பிழிந்தாள்.
"என் நிலவறையில் மூன்று சர்வர்.
சானாவுக்கு விறகு வாங்கி
இரண்டு வருஷமாச்சு."

போன வாரம்தான் கோடரியும் கையுமாக
அவள் விறகு பிளந்ததை
எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன்.
சொல்லவில்லை.
பொய்யை இங்கே பொய்யால்தான் வெட்டலாம்,
உண்மையைக் கொண்டுவருபவன் ஆட்டத்தைக் கெடுப்பவன்.

ஓஸ்மோ வாய் துடைத்தான்.
பனி வாரும் இயந்திரத்துக்கு
டிராக்டர் எஞ்சின் ஏற்றியிருக்கிறானாம்.
"ஞாயிறு மதியம் ஒன்று பத்துக்கு வீசினேன்.
ஆற்றைத் தாண்டி ஸ்வீடனில் விழுந்தது.
அங்கே மணி பன்னிரண்டு பத்து.
வீசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே
விழுந்த பனியை
நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

மேசையே குலுங்கியது.
நூற்றிருபத்தெட்டு கோரும்
சூப்புக்குள் தலை கவிழ்ந்தன.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் ஒரு லேத் உண்டு, கராஜில்,
வாங்கிய நாள்முதல் பிளக்கில் செருகாதது.
"பதினோரு வருஷம்" என்றேன்,
"ஒரு மைக்ரான் பிசகியதில்லை."

"சத்தம்?" என்றாள் துய்ரே.
"பூனை அதன்மேல்தான் தூங்கும்."

அன்று மாலை மைனஸ் இருபத்தாறு.
வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளக்குகளுக்கு
மதியமே ஃபியூஸ் போயிருந்தது.
(அந்தப் பிரிவு என் பொறுப்பு.
அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.)
நான்கு பானெட்டுகள் திறந்து கிடந்தன.
நான்கு இன்ஜினியர்கள் உள்ளே எட்டிப் பார்த்து
ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

கேன்டீன் ஹில்கா
காலால் உந்தும் சறுக்குவண்டியில்
விர்ரென்று எங்களைக் கடந்தாள்.
கூடையில் மிச்ச ரொட்டி.
ஒன்றும் கேட்கவில்லை, மணியை மட்டும்
ஒருமுறை அடித்தாள்.

ஓஸ்மோவால் பொறுக்க முடியவில்லை.
"அதில் எத்தனை கோர்?" என்று கத்தினான்.

திரும்பாமலே
தொடையில் தட்டிக் காட்டினாள்:
இரண்டு.

சிரிப்பு மூச்சாகி
மீசையில் உறைந்தது.

திங்களன்று வெய்யோ
சறுக்குவண்டியில் வேலைக்கு வந்தான்.
கார்பன் இழையாம். மூன்றரைக் கிலோவாம்.
பூட்டுக்கே நான்கு கிலோ இருக்கும்.