மூன்று அடித் தெளிவு

செவ்வாய்க்கிழமை ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில்
கையெழுத்துப் போட்டோம்.
சனிக்கிழமை முக்குளிப்புக்கு
மார்ச்சிலேயே பணம் கட்டியிருந்தோம்.
ஆளுக்கு நானூறு வெள்ளி. திரும்பாது என்று
ரசீதிலேயே அச்சடித்திருந்தது.
'போகிறாயா?' என்று செய்தி அனுப்பினான்.
'நீ?' என்றேன்.
இப்படித்தான் இருவரும் தெலுக் கும்பாரில்
ஒரே படகில், எதிரெதிர்ப் பலகையில்.

பினாங்குக் கடல் படங்களில் வருகிற நீலமல்ல.
ஆற்றுச் சேறும் கட்டட மண்ணும் கரைந்த
தே தாரிக் நிறம்.
நீட்டிய கையின் விரல்கள் தெரிந்தால்
நல்ல நாள் என்பார் படகோட்டி சுல்கிப்ளி.
கீழே மூழ்கிக் கிடக்கிறது ஒரு மணல் தோணி.
அதன்மேல் யாரோ அறுத்துவிட்டுப் போன வலைகள்.
அவற்றை வெட்டி எடுக்கத்தான் இறங்குகிறோம்.

இடுப்புக்கு இடுப்பு ஒரு கயிறு கட்டினாள் ஹூய் லெங்.
ஒரு மீட்டர்.
கலங்கல் நீரில் இது விதி.
அவளுக்குச் செவ்வாய்க்கிழமை தெரியாது.
இரண்டே முடிச்சு. எண்ணினேன்.

நீருக்கடியில் தமிழ் கிடையாது.
கட்டைவிரல் உயர்ந்தால் சபாஷ் இல்லை,
மேலே போகலாம்.
விரல்கள் வட்டம் போட்டால் நலம்.
உள்ளங்கை தள்ளாடினால் ஏதோ சரியில்லை;
எது என்று உடனே தொட்டுக் காட்டவேண்டும்:
காது, கண்ணாடி, கால்.
தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிற நம் வழக்கத்தை
முதல் வகுப்பிலேயே தடை செய்துவிட்டாள்.
'ஆமாவா இல்லையா, ஒன்றைச் சொல்லு லா!'
அந்த ஆட்டலிலேயே
பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள்.

பதினான்கு மீட்டர்.
தோணியின் விலா முதலில் கைக்குத் தட்டுப்பட்டது,
பிறகு கண்ணுக்கு.
கொட்டலசு கையுறையைக் கிழித்தது.
வலைக்குள் ஒரு களவாய்,
செதில் உரிந்த இடம் வெளுத்து,
செவுள் மட்டும் திறந்து மூடி.
சிவநேசன் வலையை இழுத்துப் பிடிக்க நான் அறுத்தேன்.
இந்த மாதிரி வேலைகளில் நாங்கள் எப்போதும் கெட்டி.
மீன் உடனே போகவில்லை.
வழி இருக்கிறதென்று நம்ப
அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கயிறு இரண்டு முறை இழுபட்டது.
திரும்பினேன்.
கையை மூடி நெஞ்சில் வைத்திருந்தான்.
காற்று குறைகிறது.

மேலே, அத்தனை வருடங்களில்,
எந்தச் சமையலறையிலும், நெரிசலில் நின்ற எந்தக் காரிலும்
அவன் நெஞ்சில் கைவைத்து
எனக்குக் குறைகிறது என்று சொன்னதில்லை.
நானும்தான்.

மஞ்சள் குழாயை நீட்டினேன்.
ஊதி, உள்ளிருந்த தண்ணீரைத் தள்ளி, இழுத்தான்.
அவன் முன்கையை நானும் என் முன்கையை அவனும்
பிடித்துக்கொண்டோம். அதுவும் விதி.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும்.
என் முதுகிலிருந்த உருளையை
இருவரும் குடித்தோம்.
குமிழிகள் கலந்து ஏறின.
எது எவருடையது என்று பிரித்துத்தர
அங்கே வழக்கறிஞர் இல்லை.

தலை வெளியே வந்ததும் பேச்சு திரும்பிவிட்டது.
'வால்வு கசிகிறதென்று ஜனவரியிலேயே சொன்னேனே.'
'சொன்னாய்.'
சுல்கிப்ளி கோப்பி ஓ ஊற்றினார்.
மூட்டை கட்டிய வலையின் நாற்றம் படகு முழுக்க.
ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய்
ஹூய் லெங் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

குறிப்பேட்டில்
துணைவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு.
நீட்டினேன்.
இந்த வாரத்தில் இரண்டாவது.
நனைந்த தாளில் பேனா ஓடவில்லை;
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டான்.

ஆழம் பதினான்கு, நேரம் முப்பத்தொன்று,
தெளிவு மூன்று அடி.
குறிப்பு என்ற இடத்தில்
களவாய், உயிரோடு
என்று எழுதி மூடினேன்.