இடது டயர்

வலது டயரைத் தினமும் காலையில்
பம்ப் அடித்து எழுப்ப வேண்டும்.
ரப்பர் வெடிப்புகளில் எறும்பு குடியிருக்கிறது.
இடதுக்குக் காற்றடித்த ஞாபகமே இல்லை.

"சவ வண்டியில் கழற்றியது,
அதற்கென்ன அவசரம்" என்பான் மிரோன்.

சஸ்காட்சுவான், ஜூலை.
அறுத்த புல் காய்ந்து கிடக்கிறது,
மேற்கே கறுக்கிறது.
டிராக்டரில் நான்.
புல்வாரியின் பின்னால் நடக்கிறான் அவன்,
கண் சக்கரத்திலேயே.

நாலாவது வரிசையில்
வலது உட்கார்ந்துவிட்டது.
மாற்று டயர் கிடையாது.
"நிறுத்தாதே, ஓட்டு!"
இரும்பு வட்டு மண்ணைக் கீறக் கீற
பாரம் முழுவதும் இடது பக்கம் சாய்ந்தது.
அது குலுங்கவில்லை.
எத்தனை பேரை இப்படிக்
கொண்டுபோய்ச் சேர்த்ததோ.

கடைசி வரிசையில் பிடித்துக்கொண்டது மழை.
மிரோன் வலதை ஓர் உதை விட்டான்,
சுற்றி வந்து
இடதுக்கு முன் நின்று
தொப்பியைக் கழற்றினான்,
அந்த மழையில்.