கேள்வி பதினான்கு

சின்ன ஏர்வாடியில் முப்பத்தாறாவது வீடு.
கதவில் இரண்டு எண்கள்.
பஞ்சாயத்து நீலப் பெயின்ட்டில் எழுதியது ஒன்று,
நான் சாக்பீஸால் எழுதியது ஒன்று.
இரண்டையும் கூட்டினால் எதுவும் வராது.

பெயர் முத்துராக்கு.
வயது நாற்பத்தொன்று, அவளே சந்தேகத்தோடு சொன்னது.
தொழில் பாசி எடுப்பது.
விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.
சமூகம் என்ற இடத்தில் மூன்றை அழுத்தினேன்.

"மூணுன்னா ரெண்டவிட ஒசத்தியா?"
இல்லக்கா, பேருக்குப் பதிலா ஒரு எண், அவ்வளவுதான்.
பஸ் நம்பர் மாதிரி.
"பஸ்ஸு நம்பருக்குப் போற ஊருன்னு ஒண்ணு இருக்குமே."

குடும்பத்தில் எத்தனை பேர்?
நாலு என்றாள்.
வரையறையை வாசித்தேன்:
கடந்த ஆறு மாதமாக ஒரே உலையில் உண்பவர்கள்.
புருஷன் பக்ரைனில் படகு வேலை, ஒன்பதாவது மாதம்.
அப்படியென்றால் மூன்று.
"அது வாங்குன கடன் இங்கனதான் கெடக்கு.
கடன் வீட்டுல இருக்கு, ஆளு இல்லேன்னு எழுதுவியா?"
கடனுக்குத் தனிப் பகுதி உண்டு என்றேன்,
பக்கம் ஏழில்.

கடலில் இறங்கும்போது உங்களுக்குப் பயம்
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு?
"கச்சான்லயா, வாடையிலயா?"
பொதுவா.
"பொதுவான்னு ஒரு காத்து அடிக்காது தாயி."
பிறகு என் செருப்பைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்.
"மூணு போட்டுக்க. ஒனக்கு நேரமாகுதுல்ல."
போட்டேன்.
திரை அடுத்த கேள்விக்குப் போனபின் சொன்னாள்:
"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு பாரு இருக்கு.
கழுத்தளவுத் தண்ணி, கால் ஊனலாம்.
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல
தரையே இல்ல."
திரையில் ஐந்து வட்டங்களும்
சம இடைவெளியில் இருந்தன.

கேள்வி பதினான்கு.
கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்?
"ஒரு நாளும் இல்ல."
சுழியம்.
அழுத்தமாக ஒருமுறை கேட்டேன், சிரித்தாள். எழுதினேன்.

வருமானம் கேட்டபோது ஏவாரியின் தராசைப் பற்றிச் சொன்னாள்.
அதே மூட்டையை ஒருநாள் ரேஷன் கடையில் நிறுத்துப் பார்த்தாளாம்.
"மூட்டைக்கு ரெண்டு கிலோ கொறையும்.
மழையின்னாலும் ரெண்டு, வெயிலுன்னாலும் ரெண்டு.
கட்டக்கோரைக்கும் ரெண்டு, கஞ்சிப்பாசிக்கும் ரெண்டு.
அதுல மட்டும் மாறவே மாட்டாரு.
ஒழுங்கான களவாணி."

ராமநாதபுரத்தில் மூன்று நாள் பயிற்சி.
பலகையில் வட்டம் வரைந்து
எல்லா அம்பும் ஒரே தப்பான இடத்தில் குத்துவதைக் காட்டினார்கள்.
நம்பகம் வேறு, செல்லுபடி வேறு என்று
மதியச் சாப்பாடு ஆறும்வரை சொன்னார்கள்.
தூங்கிவிட்டேன்.
இங்கே விழித்தேன்.

அடுத்த வாரம் அதே கிழமை
சரிபார்க்க லிகோரி சார் போயிருக்கிறார்.
இரவு போன்.
"முப்பத்தாறாம் வீடு, பதினாலாவது கேள்வி.
உனக்குச் சுழியம், எனக்கு ஆறு.
அந்த வீட்டுக்கு நீ போனியா இல்லையா?"
போனேன் சார்.
"அப்ப அந்தம்மா பொய் சொல்லுது."
சொல்லல சார்.
"ஒரே கேள்வி, ஒரே ஆளு, ரெண்டு பதில்.
எதை வச்சுக்க?"

படிவத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
தள்ளுபடியானால் அதுவும் இல்லை.
போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
லாட்ஜ் மொட்டைமாடிக்கு மேலே
இரண்டு மூன்று நாள் தேய்ந்த நிலா.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்,
தண்ணீர் வற்றும்போதுதான் பாசிக்கு இறங்குவார்கள்.
மாதத்துக்குப் பன்னிரண்டு.
வாரத்துக்கு எவ்வளவு என்பது
எந்த வாரம் என்பதைப் பொறுத்தது.
எங்கள் வாரம் ஞாயிற்றில் தொடங்குகிறது.

சாதி இருக்கிறது, அலைபேசி வகை இருக்கிறது,
கழிப்பறைக் கூரை எதனால் ஆனது என்பது இருக்கிறது.
திதிக்குக் கட்டம் இல்லை.

கடைசியில் ஒரு குறிப்புப் பெட்டி,
நாற்பது எழுத்துக்குள்.
தட்டினேன்:

முதல் முறை ஏகாதசி.

இடம் மீதி இருந்தது.