அசலில் மயில் இல்லை

ஃபெசன்ட் சேவலின் வால் இறகு,
செம்புக் கம்பி.
அவ்வளவுதான்.
நூல் கிடையாது, பசை கிடையாது.
கம்பியே கட்டு, கம்பியே எடை,
இழைகளுக்கிடையே தெரியும் மினுக்கும் அதுவே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடையில்
பாக்கெட்டில் தொங்குகிற கம்பி எனக்கு ஆகாது.
புதுத் தாலிக்கொடி மாதிரிப் பளபளக்கிறது.
ட்ரவுட் என்ன, நகைக்கடைக்கா வருகிறது?

ரெய்ஸ்தோர்ப்பில் கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம்
ஏதாவதொன்று புகைந்து என் பட்டறைக்கு வரும்:
தண்ணீர் பம்பு, தையல் மெஷின்,
போன வாரம் திருமதி ரெட்டியின் கிரைண்டர்.
சுருளைப் பிரித்தேன்.
உள்ளடுக்கில், சூடு முழுதாக எட்டாத இடத்தில்,
வார்னிஷ் கருகாமல் பழுப்பேறி,
புளி கரைத்த தண்ணீர் நிறத்தில்
தலைமுடிபோல ஒரு கம்பி.
"ஆஹா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
அந்த அம்மாள் பயந்துபோய்,
"ரொம்பச் செலவாகுமா?" என்றாள்.

இறகுக்குத்தான் அலைச்சல்.
சாயம் தோய்த்தது வேண்டாம்,
ஓர வால் வேண்டாம், நடுவால்தான்.
நாட்டிங்ஹாம் ரோடு பண்ணையில் வேலை பார்க்கும்
என்டுமிசோ மபாசோ
சேவல்கள் உதிர்த்ததைப் பொறுக்கி
செய்தித்தாளில் சுருட்டி வைத்திருந்தான்.
அவன் பம்பை நான் பார்த்துக் கொடுத்ததற்குப் பதில்.
"இந்த மீன், இந்தக் கோழி, நீ,
மூன்றும் கப்பலில் வந்ததுதானே" என்று சிரித்தான்.
"உன் பம்பும்தான்" என்றேன்.

உலர்ந்திருக்கையில் எல்லா இறகும் அழகு.
நாக்கில் வைத்து நனைத்துப் பார்க்கவேண்டும்.
ஏழில் ஐந்து, சாணி.
ஆறாவது, கருவாடு.
ஏழாவது நனைந்ததும்
விளிம்பில் செம்மை ஊறி நின்றது.
மோய் ஆற்றில் கல் புரட்டி,
ஊறுகாய்ப் பாட்டில் மூடியில் நான் ஏந்திப் பார்த்த
ஒருநாள் பூச்சியின் குஞ்சு,
இறக்கை முளைக்காமல்
மூன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்ததே,
அதே நிறம்.
வாயில் கோழி வாடை மதியம்வரை போகவில்லை.

அலமாரியின்மேல் சதாசிவத்தின் காவடி.
மயிலிறகில் ஓர் இழை போதும் மார்புப் பகுதிக்கு:
பச்சை, வெண்கலம், திருப்பினால் ஊதா.
இப்போதெல்லாம் எல்லோரும் மயில்தான் சுற்றுகிறார்கள்,
கடைக்காரன் சொன்னான்.
நாற்காலி போட்டு ஏறினேன்.
கை இறகுவரை போனது.
இறங்கிவிட்டேன்.
பக்தி என்று பொய் சொல்லமாட்டேன்.
அசலில் மயில் இல்லை,
அதனால் முருகன் தப்பித்தார்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி ஆறு திறக்கும்.
பதினேழில் புரட்டாசி பிறந்துவிடும்.
நடுவில் கிடைத்த இரண்டு ஞாயிறையும்
பெர்க் காற்று அடித்துக்கொண்டு போனது.

"புரட்டாசியில் தூண்டிலா?" என்றான் சதாசிவம்.
"கொண்டியை மழுக்கியிருக்கிறேன்.
பிடித்ததும் விட்டுவிடுவேன்."
"விரதம் உனக்கு என்று மீனுக்குத் தெரியுமா?"
பதில் இல்லை என்னிடம்.
போனேன்.

மலை உச்சியில் மிச்சப் பனி.
முழங்கால்வரை தண்ணீர், எலும்புவரை குளிர்.
நான்கு இழை, பதினாறாம் நம்பர் முள்,
கிரைண்டர் கம்பி,
ஒரு பாறை நிழலுக்குள் இறங்கியது.
கயிறு நின்றது. இழுத்தது.
வயிற்றோரம் ரோஜா நிறக் கோடு போட்ட ஒன்று
கையில் ஒரு மூச்சு நேரம் இருந்து
வழுக்கிப் போயிற்று.

நிம்ஃபைப் பார்த்தேன்.
அரைமணி நேரம் ஒழுங்காகச் சுற்றியது;
பல் பட்டு ஓர் இழை அறுந்து
கால்போலத் துருத்திக்கொண்டிருந்தது.
வெட்ட மனம் வரவில்லை.
அப்படியே வீசினேன்.
அடுத்தது எண்ணி மூன்றுகூட ஆகவில்லை, கவ்வியது.

வீட்டில், "கையை நீட்டு" என்றான்.
மோந்து பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
பருப்புச் சட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.