பெரட்டில் இருபத்தொன்பதாவது பெயர்

தைராய்டுக் கட்டியை எடுத்த அன்று
கூடவே என் கூப்பாடும் போயிற்று.
கோத்தகிரிக்கு மேலே ஏழாம் நம்பர் மலையில் நின்று
‘காட்டி வருது, ஏறுங்கடி மேலே’ என்று
ஒரே மூச்சில் நாற்பது பெண்களை விரட்டிய தொண்டை.
இப்போது திறந்தால்
சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக
கறுப்பு ஒயர் ஒன்றை உள்ளே விட்டார் டாக்டர்.
‘ஈ சொல்லுங்க, சந்தனமேரி.’
ஈ.
திரையில் நானே பார்த்தேன்:
ஈரமாக, வெள்ளையாக, இரண்டு மடிப்பு.
வலதுபக்கத்துக்காரி ஓடி ஓடி நடுவுக்கு வருகிறாள்.
இடதுபக்கத்துக்காரி
சம்பளத்துக்கு மறுநாள்போலச்
சாய்ந்த இடத்திலேயே கிடக்கிறாள்.
‘நரம்பு தூங்குது. ஆறு மாசம் பொறுப்போம்.
தானா முழிச்சாலும் முழிக்கும்.’

எங்கள் தோட்டத்தில்
ஆறு மாதம் வேலைக்கு வராதவள் பெயரை
செக்ரோலில் அடித்துவிடுவார்கள்.

தண்ணீர் குடித்தால் புரையேறியது.
இடப்பக்கம் தலையைத் திருப்பி விழுங்கச் சொன்னாள்
பேச்சுப் பயிற்சி தருகிற பிரிசில்லா.
டீக்கடை பெஞ்சில் என் இடப்பக்கம் எப்போதும்
ஜீப் ஓட்டுகிற ஹாலன்.
மடக்குக்கு மடக்கு நான் அவர் பக்கம் திரும்ப,
நாலாம் நாள்
புது ஸ்வெட்டரில் வந்து உட்கார்ந்தார்.
விளக்கிச் சொல்லக் குரல் இல்லை.

டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு ‘ஊ.’
சுவரைத் தள்ளிக்கொண்டு ‘ஆ.’
பக்கத்து லயத்தில் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள்.
கிசுகிசுக்கவே கூடாதாம், தொண்டைக்கு அதுதான் பெரிய கேடாம்.
கிசுகிசுக்காமல்
லயத்தில் எப்படிக் குடியிருப்பது, பிரிசில்லா?

கேஸ் புக் செய்யக் கூப்பிட்டால்
‘சொல்லுங்க சார்.’

கணக்குப்பிள்ளை ஒரு விசில் வாங்கித் தந்தார்.
நல்ல விசில்தான்.
அதற்கு யார் பெயரும் தெரியாது.

அன்று வீட்டிலேயே அதை மறந்திருந்தேன்.
பனிக்குள்ளிருந்து காட்டி,
பூவாயிக்குப் பத்தடி பின்னால்.
வாயைத் திறந்தேன். காற்று.
குனிந்து மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து
அவள் தோளைப் பார்த்து எறிந்தேன்.
என்னைத் திட்டவே திரும்பினாள்,
அதைப் பார்த்தாள்,
திட்டிக்கொண்டே மேலே ஏறினாள்.
இன்றும் அந்த அடிக்குத் திட்டுகிறாள்.

ஏழாம் மாதம்
குஞ்சப்பனை தாண்டி இறங்கும்போது காது அடைத்தது.
கோயம்புத்தூரில் தொப்புளுக்குக் கீழிருந்து கொழுப்பெடுத்து
இடது மடிப்பில் ஊசியால் ஏற்றினார்கள்.
வாய்க்கொழுப்பு, வாய்க்கொழுப்பு என்று
மாமியார் இருபது வருஷம் ஏசியது
இப்படியா பலிக்க வேண்டும்.
‘தூங்குறவளை எழுப்பலைம்மா,
முட்டுக்கொடுத்து நடுவுக்குத் தள்ளியிருக்கோம்.
ஓடிவர்றவளுக்கு மோத ஒரு ஆள் வேணுமில்ல?’
கொஞ்சம் கரையுமாம். எவ்வளவு என்று
அவருக்கும் தெரியாது.

ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.
பிறகு வந்தது ஒரு குரல்,
என்னுடையது இல்லை,
என் பெரியம்மா மகளுடையதாக இருக்கலாம்.

திங்கட்கிழமை பெரட்டு.
கம்பளிக்கு மேல் படங்கு கட்டி
எல்லாரும் ஆவி விட்டபடி நின்றார்கள்.
செக்ரோலைத் திறந்தேன்.
ரோஸ்லின். கெம்பி. தவமணி. மாதியம்மா.
பெயருக்குப் பெயர் மூச்சை எண்ணி எண்ணி
இருபத்தொன்பது வரை வந்துவிட்டேன்.
‘ஞான’ வரைக்கும் குரல்,
மிச்சம் வெறும் காற்று.
‘சௌந்தரி’ என்று அவளே முடித்துக்கொண்டாள்.
அடுத்து நின்றவள் தன் பெயரைத் தானே சொன்னாள்.
அதற்கடுத்தவளும்.
பேனா மட்டும் ஓடியது, கடைசி வரிசை வரை.

பூவாயி சொல்லவில்லை.
கூடையைத் தரையில் வைத்துவிட்டு,
கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல்
என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.