மஞ்சள் வாய்

தெஹிவளையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாய்,
பல் வைத்தியருக்கு மேல்மாடியில் கடை.
இம்தாத் நானா கண்ணாடி மேசையில்
மூன்று ரெகுலேட்டர்களை வைக்கிறார்,
நண்டு விற்பவர் மாதிரி
கால்களை ஒழுங்குபடுத்தி.

முதலாவது இத்தாலிக்காரன். அழகன்.
"பழுதானா பார்ட்ஸ் சிங்கப்பூரிலிருந்து வரணும், தங்கச்சி,
அதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்" என்கிறார்
தன் சரக்குக்கே எதிர்ச்சாட்சியாய்.
இரண்டாவதன் பிடி எங்கள் படகுச் சிலிண்டருக்குச் சேராது.
ஓர் இணைப்பு வாங்கினால் சேரும்.
அந்த இணைப்பு கடையில் இல்லை.
மூன்றாவது கறுப்பு, கனம்,
முகத்தில் ஒரு கவர்ச்சியும் கிடையாது.

காற்றைத் திறந்து வாயில் வைத்தார்கள்.
ரப்பரும் டெட்டோலும் மணத்தது.
இழுத்தேன்.
பிணையாள் கேளாமல் வந்தது.
ஜன்னலுக்குக் கீழே பாணந்துறை ரயில்;
அது போய் முடியுமட்டும்
வாயடைத்து நின்று
வாங்கிக்கொண்டே இருந்தேன்.

முப்பது மீற்றரில் ஒரு மூச்சுக்கு
நாலு மூச்சின் கனம்.
மலிவானது அங்கேதான் கஞ்சத்தனம் காட்டும்,
சிலிண்டர் வற்ற வற்ற இன்னும் இறுகும் என்கிறார்.
நான் வங்கியில், கடன் பிரிவில்.
அந்தக் குணம் எனக்குப் பழக்கம்.

"சரி, கறுப்பு. மஞ்சள்?"

மஞ்சள் எனக்கல்ல.
விலாவோரம் தொங்கிக்கொண்டு
இன்னொருவருடைய அவசரத்துக்குக் காத்திருப்பது.
எல்லாரும் அதில்தான் மிச்சம் பிடிப்பார்களாம்.

என் ஜோடி மெவான்.
கேஜ் பார்க்க மறக்கிறவன்.
உடைந்த கப்பலின் வயிற்றுக்குள் ஒரு களவாயைக் கண்டால்
காற்று, நேரம், பின்னால் வரும் நான்
எல்லாவற்றையும் மறக்கிறவன்.
ஓகஸ்டில் வாங்கிய பதினெட்டாயிரத்தையும்.
நவம்பராகிவிட்டது, வாய் திறக்கவில்லை.

மலிவு மஞ்சளைக் கையில் எடுத்தேன்.
அவனுக்கு இது போதும்.

ஆனால் அவன் கை
தொண்டைக்குக் குறுக்கே வெட்டிக் காட்டும்போது
நெஞ்சில் ஒன்றும் மிச்சமிருக்காது.
நானென்றால் நிறைந்த நெஞ்சோடு,
ஏசியில், ஆறுதலாய்,
மூன்றை இழுத்துப் பார்த்துத் தெரிகிறேன்.
அவனுக்கு ஒரே இழுப்பு.
அதுவும் இறுக்கமாய் இருந்தால்?

மலிவை வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன்.
கறுப்பைவிட லேசாய்க் காற்று விடுகிற மஞ்சள்.
வித்தியாசம் பதினேழாயிரம்.
நானா ஒன்றும் சொல்லாமல் ரசீது எழுதினார்.

அதைத் திருப்பி,
பின்பக்கத்தில்,
படியிறங்குமுன் நானும் எழுதினேன்:
மெவான், முப்பத்தைந்தாயிரம்.