தீர்மானம் எண் பதினான்கு

ஏப்ரல் ஒன்பது, இரவு ஏழு பத்து.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
கவுண்டி அலுவலகச் சுவரில்
இடுப்பளவில் இன்னும் இருந்தது
வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு.

தலைவர் லைல் ஓஸ்டர்கார்டின் அவசர அதிகாரம்
இன்னும் ஒரு வருடம் நீடிக்கட்டும்
என்றது தீர்மானம்.
ஏன் கூடாது?
டெண்டர் இல்லாமல், கூட்டம் கூட்டாமல்
பதினோரு நாளில் பாலத்தை நிமிர்த்தியவர்.
டீசல் கணக்கில் ஒரு டாலர் பிசகவில்லை,
நானே கூட்டிப் பார்த்தேன்.

ஆமாம், ஆமாம், ஆமாம் என்று
நாற்காலி நாற்காலியாய் வந்து
டெல்மர் கோவாரிடம் நின்றது.

நெப்ராஸ்கா மண்ணில் மக்காச்சோளம் போடுகிறவர்.
சட்டைப்பையில் விதைக் கம்பெனி டயரி,
அதற்குள் அரசியல் சாசனத்தின் சின்னப் பிரதி,
வியர்வையில் ஊறி ஊறி அட்டை உப்பியது.
அவருக்கு நான் ஒருமுறையும் ஓட்டுப் போட்டதில்லை.

"லைல், நீ நல்லவன்.
உன் பாலத்தில்தான் என் டிராக்டர் வீடு வந்தது.
ஆனால் உன் அளவுக்குத் தைத்த சட்டையை
உனக்குப் பிறகு எவன் மாட்டுவான் என்று
இந்தத் தாளில் இல்லையே.
தண்ணீர் இறங்கிவிட்டது.
நீயும் இறங்கு."

யாரோ சிரித்தார்கள்.
சாசனம் எழுதியவர்களைப் பற்றி
அவர் தொடங்கினால் நிறுத்த மாட்டார்
என்று எல்லோருக்கும் தெரியும்.

பின்வரிசையில் வினெட்டா பிரைஸ் எழுந்தாள்.
"அவர்கள் மனிதர்களைச் சந்தையில்
விலை பேசியவர்கள், டெல்மர்.
என் ஆட்களை."

'மௌனம்' என்று எழுதி, அடித்தேன்.

"பேசினார்கள்தான்" என்றார் கடைசியில்.
"கையில் சாட்டை இருந்தால்
மனிதன் என்ன ஆவான் என்பதை
வேறெங்கும் போய்ப் படித்திருக்க வேண்டாம்,
கண்ணாடி போதும்.
அதனால்தான் சாட்டையை மூன்றாய் நறுக்கி
மூன்று பேரிடம் கொடுத்தார்கள்.
உங்களை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. அது பாவம்.
ஆனாலும்
கள்ளன் செய்த பூட்டும் பூட்டத்தான் செய்யும்."

"சாவி யாரிடம் இருந்தது?" என்றாள்.
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
அவள் உட்காரவும் இல்லை.

ஆதரவு நான்கு. எதிர்ப்பு ஒன்று.
தீர்மானம் நிறைவேறியது, எட்டு மணி இரண்டு நிமிடம்.

காலையில் லைல் வந்து நகல் கேட்டார்.
'ஒரு வருடம்' என்ற இடத்தில்
விரலை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பெயிண்ட் அடிக்கிறவன் ஏணியோடு வந்திருந்தான்.
சேற்றுக்கோட்டில் ஒரு முழம் மட்டும்
விட்டுவிடச் சொன்னேன்.
"எதற்கு?"
"அளவுக்கு."